25க்குள்ளா, 25க்கு முன்னாடியா? தேதிக்கு முன்னால் எந்த இங்கிலீஷ் சொல்லைப் போடுவது

திருப்பூர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையரிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலைக்கு, புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் இங்கிலீஷ் சந்தேகங்களில் பாதி, தேதிக்கு முன்னால் வரும் குட்டிச் சொல்லைப் பற்றியவை. "ஏனுங் சார், இருவத்தஞ்சாம் தேதிக்குள்ள அனுப்பிருவோம்னு பையருக்கு எழுதணும். ‘பை’ போடறதுங்களா, ‘பிஃபோர்’ போடறதுங்களா? சீனியர் அக்கா ‘விதின்’னு போடறாங்க. எதப் போட்டாலும் அவுங்களுக்குப் புரியுமல்லங்க?"

புரியும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு நாள் புரியும்.

குழப்பம் நம் தமிழின் வசதியிலிருந்து வருகிறது. நமக்கு ‘க்குள்’ ஒன்றே போதும். வெள்ளிக்கிழமைக்குள், மூணு நாளைக்குள், இருட்டறதுக்குள்ள என்று எதிலும் ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷில் இந்த மூன்றுக்கும் மூன்று சொல்: பை ஃப்ரைடே, விதின் த்ரீ டேஸ், பிஃபோர் இட் கெட்ஸ் டார்க். எங்கள் அப்பாரு ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு, "அமாவாசைக்குள்ள பணம் வந்துருமுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். அமாவாசை அன்றைக்கும் சேர்த்தியா, அதற்கு முதல் நாளோடு சரியா என்று அவரும் கேட்டதில்லை, மண்டிக்காரரும் சொன்னதில்லை. இரண்டு நாள் முன்னப் பின்ன ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்பினால், ஹாம்பர்க்கில் உட்கார்ந்து நம் தாள்களைச் சரிபார்க்கும் வங்கிக்காரர் நம் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அவர் கையில் இருப்பது தாள் மட்டும்தான்.

நானும் இதில் சூடு பட்டவன். சில வருடங்களுக்கு முன்னால் நான் டாக்குமெண்டேஷன் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனியில், காங்கேயம் பக்கத்துப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள். ப்ரொஃபார்மா இன்வாய்ஸில் (விலையும் தேதியும் குறித்துப் பையருக்கு முன்கூட்டி அனுப்பும் தாள்) ‘ஷிப்மெண்ட் பிஃபோர் 25 மே’ என்று அடித்திருந்தாள். பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். பையர் அந்த வாசகத்தை அப்படியே வைத்து எல்.சி. (கேட்ட தாள்கள் கேட்டபடி இருந்தால் பணம் தருகிறேன் என்று பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறந்தார். சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறியது 25ஆம் தேதி. கப்பல் கம்பெனி தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கிலும் அதே தேதிதான். நிம்மதியாக இருந்தோம். மூன்றாம் நாள் வங்கியிலிருந்து போன். "சார், லேட் ஷிப்மெண்ட்னு டிஸ்கிரிபன்சி வருதுங்க." "எப்படிங்க லேட்டு? 25தான?" "25க்கு முன்னாடின்னு போட்டிருக்குதுங்க. 24ஓட முடிஞ்சுது."

டிஸ்கிரிபன்சி என்றால் தாள் எல்.சி.யோடு ஒத்துப்போகாத குறை. பையர் நல்ல மனிதர், குறையோடு ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய வங்கி அதற்கென்று ஒரு கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பணத்தை விட்டது, அதுவும் ஒன்பது நாள் கழித்து. அந்த வாரச் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு முதலாளி வெளியே கைமாற்று வாங்கினார். என்னைத் திட்டவில்லை. "இங்கிலீஷ் படிச்ச ஆளுங்க நீங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

## எதை வைத்துத் தேர்வது

சொல்லைத் தொடுவதற்கு முன் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, சொன்ன தேதி கணக்கில் சேருமா, சேராதா. மேலே சொன்ன கதை முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

இரண்டு, நடக்கப் போவது ஒரே ஒரு தடவை நடந்து முடிகிற வேலையா, அந்தத் தேதி வரைக்கும் நீடிக்கிற நிலையா. கண்டெய்னர் கிளம்புவது முதல் வகை. விலை செல்லுபடி ஆவது, ஆபீஸ் பூட்டியிருப்பது எல்லாம் இரண்டாவது வகை.

மூன்று, நாளை எண்ணுவதாக இருந்தால் எந்த நாளிலிருந்து எண்ணுவது. ஞாயிற்றுக்கிழமை சேருமா என்பதும் இதிலேயே அடக்கம்.

நான்காவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை: இதை யார் படிக்கப் போகிறார்கள்? மெயிலைப் படிப்பவர் மனிதர், சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்பார். எல்.சி.யைப் படிப்பது வங்கி. அது யூ.சி.பி. 600 என்ற விதித் தொகுப்பை வைத்துக்கொண்டு படிக்கும். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வணிகச் சபை வெளியிட்டது. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. மொத்தம் 39 விதிகள். மூன்றாவது விதியைப் பார்த்தால் பாதி வங்கி விதி, பாதி அகராதி: அன்டில் என்றால் என்ன, பிஃபோர் என்றால் என்ன, மாதக் கடைசி என்றால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று நாள் கணக்கோடு சொல்லிவிடுகிறது. உங்கள் எல்.சி. யூ.சி.பி. 600க்கு உட்பட்டது என்று அதிலேயே எழுதியிருந்தால் இந்த அர்த்தம்தான் செல்லும், நாம் மனதில் நினைத்தது செல்லாது. இப்போது பெரிய பையர்கள் பலர் எல்.சி. பக்கமே வருவதில்லை, பி.ஓ.வும் (பையர் தரும் ஆர்டர் தாள்) பேங்க் டிரான்ஸ்ஃபரும்தான். அவர்களிடம் சாதாரண இங்கிலீஷ் அர்த்தமும், சரக்கு தருபவர்களுக்கு அவர்கள் தரும் விதிப் புத்தகமான வெண்டார் மேனுவலும் பேசும்.

## ‘பை’

மஞ்சப்பை இல்லை, தேதிக்கு முன்னால் வரும் ‘பை’. ‘வி வில் ஷிப் பை 25 மே’ என்றால் 25ஆம் தேதி முடிவதற்குள் வேலை முடிந்திருக்கும், 25 சேரும். நம் ‘க்குள்’ளுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இதுதான். தினசரி மெயிலுக்கு இதையே பழகிக்கொள்ளுங்கள் என்றுதான் புதியவர்களுக்குச் சொல்வேன்.

இது ஒரு தடவை நடந்து முடிகிற வேலைக்கு மட்டும். எங்கள் பையன் ஒருவன், பையர் சார்பில் தரம் பார்க்க வரும் க்யூ.சி.க்கு ‘ஐ வில் பி இன் த ஃபேக்டரி பை ஃபைவ்’ என்று அனுப்பிவிட்டு, அஞ்சு மணி அடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் சொல்ல நினைத்தது, அஞ்சு வரைக்கும் இருப்பேன் என்று. எழுதியதற்கு அர்த்தம், அஞ்சுக்குள் வந்துவிடுவேன் என்று. க்யூ.சி. அஞ்சேகாலுக்கு வந்து வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

‘பை’யில் மறைந்திருக்கும் செலவு தேதியில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. 25க்குள் என்ன நடந்திருக்க வேண்டும்? நம் ஊரில் லாரி கேட்டைத் தாண்டினாலே "சரக்கு போயிருச்சுங்க" என்போம். ராத்திரி ஏற்றிவிட்டால் விடிய தூத்துக்குடி. ஆனால் கஸ்டம்ஸ் இருக்கிறது, கப்பல் வர வேண்டும். வங்கிக் கணக்கில் ஷிப்மெண்ட் தேதி என்பது பில் ஆஃப் லேடிங்கில் சரக்கு கப்பல் ஏறியதாகக் குறித்திருக்கும் தேதி. ஆகவே ‘எக்ஸ்-ஃபேக்டரி பை 18 மே, ஆன் போர்டு பை 25 மே’ (ஃபேக்டரியை விட்டுக் கிளம்புவது 18க்குள், கப்பல் ஏறுவது 25க்குள்) என்று இரண்டையும் பிரித்து எழுதினால் பின்னால் சண்டை இல்லை. அமெரிக்கப் பையராக இருந்தால் நேரத்தையும் பார்க்க வேண்டும். இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி என்றால் கோடைக் காலத்தில் நியூயார்க்கில் அதே வெள்ளி காலை பதினொன்றரைதான். ‘பை ஃப்ரைடே’ என்று அவர் சொன்னால் நமக்குச் சனிக்கிழமை விடிகிற வரைக்கும் நேரம் இருக்கிறது. நாம் சொன்னால்தான் யாருடைய வெள்ளி என்ற கேள்வி வரும்.

## ‘பிஃபோர்’

பள்ளிக்கூடத்தில் ‘முன்’ என்று படித்தோம், அந்த அர்த்தம் சரிதான். 25க்கு முன் என்றால் 25 சேராது. யூ.சி.பி.யின் மூன்றாவது விதியும் இதையேதான் சொல்கிறது: ஷிப்மெண்ட் காலத்தைக் குறிக்க டு, அன்டில், டில், ஃப்ரம், பிட்வீன் என்று எழுதினால் அந்தத் தேதியும் சேரும்; பிஃபோர், ஆஃப்டர் என்று எழுதினால் சேராது.

பேச்சில் நாம் ‘முன்னாடி’யையும் ‘க்குள்ள’யையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம், அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாரிவிடுகிறது. இலவசமாக ஒரு நாளைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். சீசனில் ஒரு நாள் என்றால் ஒரு கப்பல். அதைத் தவறவிட்டால் அடுத்த வாரக் கப்பல், இல்லாவிட்டால் நம் செலவில் விமானம்.

இதற்காக ‘பிஃபோர்’ரைத் தள்ளி வைத்துவிட வேண்டாம். தேதியோடு சேர்க்காமல் ஒரு காரியத்தோடு சேர்த்தால் இதைப் போல உறுதியான சொல் வேறில்லை. ‘ப்ளீஸ் அப்ரூவ் த லேப் டிப் பிஃபோர் டையிங்’, ‘பி.பி. சாம்பிள் மஸ்ட் பி அப்ரூவ்டு பிஃபோர் கட்டிங்’. லேப் டிப் என்பது சாயம் போட்டுக் காட்டும் மாதிரித் துண்டு, பி.பி. சாம்பிள் என்பது மொத்தமாக வெட்டித் தைப்பதற்கு முன் காட்டும் மாதிரி உடுப்பு. இங்கே ‘பை’ போட முடியாது. துணியில் கத்தி வைத்த பிறகு வரும் அப்ரூவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தேதியோடுதான் எழுதியாக வேண்டும் என்றால் ‘ஆன் ஆர் பிஃபோர் 25 மே’ என்று எழுதுங்கள். இரண்டு சொல் அதிகம், ஒரு நாள் லாபம். ‘நாட் லேட்டர் தேன் 25 மே’ என்பதும் அதே அர்த்தம்தான், கொஞ்சம் வக்கீல் நோட்டீஸ் வாடை அடிக்கும். ப்ரொஃபார்மாவில் அந்த வாடை இருக்கலாம், மெயிலில் வேண்டாம். இத்தனையும் எழுதிய பிறகு 25 ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்? எல்.சி. காலாவதி ஆகும் நாள் வங்கி விடுமுறையில் வந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப் போகும். ஷிப்மெண்ட் கடைசித் தேதிக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு திங்கட்கிழமைக் கப்பலுக்குக் காத்திருக்கக் கூடாது.

## ‘அன்டில்’, ‘டில்’

‘வரைக்கும்’. நீடிக்கிற நிலைக்கு மட்டும். ‘வி வில் செண்ட் த சாம்பிள் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் சாம்பிள் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று ஆகிறது.

இது பொருந்துகிற இடம் விலை. நம் பக்கம் மாதம் பிறந்தால் நூல் விலை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ‘திஸ் ப்ரைஸ் இஸ் வேலிட் அன்டில் 31 மே’ என்று ஒரு வரி கோட்டேஷனில் இல்லாவிட்டால், ஆகஸ்டில் பையர் அந்தப் பழைய தாளைத் தூக்கிக்கொண்டு வருவார். "அப்ப கொடுத்த ரேட்டுத்தான?" என்பார்.

சிக்கல் வருவது விடுமுறை மெயிலில். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து தையல் மெஷின் வரிசையான பவர்டேபிள் முழுசாக ஓட ஒரு வாரமாவது ஆகும். ‘அவர் ஆபீஸ் வில் பி க்ளோஸ்டு அன்டில் 5 நவம்பர்’ என்றால் ஐந்தாம் தேதி திறந்திருக்குமா? பாதிப் பேர் ஆம் என்பார்கள், பாதிப் பேர் ஆறாம் தேதிதான் என்பார்கள். இங்கிலாந்துக்காரரிடம் கேட்டாலும் இதே கதைதான். சொல்லோடு மல்லுக்கட்டாமல் ‘வி ரீஓபன் ஆன் 6 நவம்பர்’ என்று போட்டுவிடுங்கள். அமெரிக்கர்கள் இந்த இடத்தில் ‘த்ரூ’ என்பார்கள். ‘க்ளோஸ்டு த்ரூ 5 நவம்பர்’ என்றால் ஐந்தும் விடுமுறை, சந்தேகமே இல்லை. அமெரிக்காவுக்கு எழுதும்போது தாராளமாகப் போடலாம். ஐரோப்பியப் பையருக்கு இது அவ்வளவு பழக்கமில்லை.

## ‘விதின்’, கூடவே ‘இன்’

‘விதின்’ தேதிக்கு உரியது அல்ல, கால அளவுக்கு உரியது. விதின் த்ரீ டேஸ், விதின் டூ வீக்ஸ். சீனியர் அக்கா போட்ட ‘விதின் 25 மே’யை வங்கிக்காரர் 25 சேர்த்துத்தான் எடுத்துக்கொள்வார், அதனால் நஷ்டம் இல்லை. ஆனால் இங்கிலீஷ் காதுக்கு அது உறுத்தும். அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தேதி இன்னும் முடிவாகாத வேலைக்கு இதைப் போல வசதியான சொல் கிடையாது. பையர் அப்ரூவல் எப்போது தருவார் என்று தெரியாது. அவர் தந்த பிறகு 45 நாள் நமக்கு வேண்டும். ‘விதின் 45 டேஸ் ஆஃப்டர் அப்ரூவல்’ என்று எழுதினால், அவர் செய்யும் தாமதம் நம் தலையில் விழாது. ‘பை’ போட்டுத் தேதி கொடுத்தவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பையர் லேப் டிப்பை இருபது நாள் மேஜையில் வைத்திருப்பார், தேதி மட்டும் அப்படியே நிற்கும்.

செலவு மூன்று இடத்தில் ஒளிந்திருக்கிறது. முதலாவது, எந்த நாள்? காலண்டர் நாளா, வேலை நாளா? எழுதாவிட்டால் காலண்டர் நாள் என்றுதான் படிப்பார்கள், நம் ஞாயிறும் பொங்கலும் அதில் கரைந்துவிடும். யூ.சி.பி.யிலேயே இரண்டு வகையும் உண்டு. ஷிப்மெண்ட் ஆன 21 நாளைக்குள் டாக்குமெண்ட் கொடுக்க வேண்டும் என்பது காலண்டர் நாள் கணக்கு. வங்கி அதைப் பார்த்து முடிக்க எடுத்துக்கொள்ளும் 5 நாள், வங்கி வேலை நாள் கணக்கு. நமக்கு ஞாயிறும் சேரும், அவர்களுக்குச் சேராது!

இரண்டாவது, பின்னால் வரும் ‘ஆஃப்’. ‘விதின் டூ டேஸ் ஆஃப்டர் ஷிப்மெண்ட்’ என்றால் ஷிப்மெண்டுக்குப் பிறகு இரண்டு நாள். ‘ஆஃப்டர்’ருக்குப் பதில் ‘ஆஃப்’ போட்டு ‘விதின் டூ டேஸ் ஆஃப் ஷிப்மெண்ட்’ என்றால், வங்கிகள் கைக்கொள்ளும் நடைமுறைத் தொகுப்பின்படி முன்னால் இரண்டு நாள், அந்த நாள், பின்னால் இரண்டு நாள், ஆக ஐந்து நாள் கொண்ட ஒரு காலம். தமிழில் யோசித்தால் இது தோன்றவே தோன்றாது.

மூன்றாவது, ‘இன்’. ‘இன் த்ரீ டேஸ்’ என்றால் மூன்று நாள் கழித்து. ‘விதின் த்ரீ டேஸ்’ என்றால் மூன்று நாளைக்குள் எப்போது வேண்டுமானாலும். "மூணு நாள்ல வந்துருமுங்க" என்று நாம் சொல்லும்போது இரண்டும் கலந்திருக்கிறது. ‘தி ஆடிட்டர் கேன் கம் இன் டூ வீக்ஸ்’ என்று எழுதிவிட்டு, நாலாம் நாளே வந்துவிடுவாரோ என்று பதற வேண்டியதில்லை. ‘விதின்’ போட்டிருந்தால் பதற வேண்டும்.

## ‘ஆன் ஆர் அபௌட்’, ‘எண்ட் ஆஃப் மே’, ‘ஏ.எஸ்.ஏ.பி.’

‘ஆன் ஆர் அபௌட் 25 மே’ என்றால் நம் ஊர் ‘வாக்குல’. "ஐப்பசி வாக்குல முடிச்சரலாமுங்க" என்கிற அதே ‘வாக்கு’. கேட்க வழவழவென்று இருந்தாலும் எல்.சி.க்குள் இதைப் போல துல்லியமான சொல் இல்லை: முன்னால் 5 காலண்டர் நாள், பின்னால் 5, இரண்டு முனையும் சேர்த்தி. மே 20லிருந்து 30 வரை, பதினோரு நாள். கப்பல் அட்டவணை ஆட்டம் காணும் காலத்தில் ப்ரொஃபார்மாவிலேயே இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். வெறும் மெயிலில் எழுதினால் அந்தப் பதினோரு நாள் கிடைக்காது, அங்கே இது வெறும் ‘வாக்குல’தான். 20க்கு முன்னால் ஏற்றினாலும் எல்.சி.யில் தப்பு என்பதையும் மறக்க வேண்டாம். சீக்கிரம் அனுப்பினால் பையர் மகிழ்வார் என்பது மனிதருக்குப் பொருந்தும், வங்கிக்குப் பொருந்தாது.

‘எண்ட் ஆஃப் மே’ அதே ரகம். மாசக் கடைசி என்றால் நமக்கு 29, 30. யூ.சி.பி.யில் 21லிருந்து கடைசி நாள் வரை. ‘பிகினிங்’ என்றால் 1 முதல் 10, ‘மிடில்’ என்றால் 11 முதல் 20.

‘ஏ.எஸ்.ஏ.பி.’, ‘இம்மீடியட்லி’, ‘ப்ராம்ப்ட்’ மூன்றையும் வங்கி கண்டுகொள்ளவே செய்யாது. விதியே அப்படித்தான் எழுதியிருக்கிறது. நூல் கடைக்காரரிடம் "அர்ஜெண்டுங்க" என்று சொல்வதற்கும் கிட்டத்தட்ட அதே மதிப்புதான்.

இதுவரை சொன்னதை 25 மே என்ற ஒரே தேதியில் வைத்துப் பார்த்தால் இப்படி வரும்:

| எழுதியது | 25 சேருமா | நம் பேச்சில் | போட வேண்டிய இடம் |
|---|---|---|---|
| பை 25 மே | சேரும் | 25க்குள்ள | மெயில், வாட்ஸ்அப் |
| பிஃபோர் 25 மே | சேராது | 24ஓட சரி | தேதிக்கு வேண்டாம். காரியத்துக்குப் போடலாம் |
| ஆன் ஆர் பிஃபோர் 25 மே | சேரும் | 25 முடியறதுக்குள்ள | ப்ரொஃபார்மா, எல்.சி. |
| அன்டில் 25 மே | எல்.சி.யில் சேரும், மெயிலில் ஆளைப் பொறுத்தது | 25 வரைக்கும் | விலை, செல்லுபடி |
| விதின் 45 டேஸ் ஆஃப்டர் அப்ரூவல் | தேதியே இல்லை | 45 நாளைக்குள்ள | பையர் கையில் வேலை நிற்கும்போது |
| ஆன் ஆர் அபௌட் 25 மே | சேரும். 20 முதல் 30 வரை | 25 வாக்குல | எல்.சி.யில் மட்டும் |

எந்தச் சொல்லைப் போட்டாலும் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

## பணம் வரும் தேதிக்கு: ‘ஃப்ரம்’, ‘ஆஃப்டர்’

இதில் தேர்வுக்குப் பெரிய வேலை இல்லை, ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஷிப்மெண்ட் காலத்துக்கு ‘ஃப்ரம் 25 மே’ என்றால் 25 சேரும். பணம் தர வேண்டிய தேதிக்கு ‘60 டேஸ் ஃப்ரம் பி.எல். டேட்’ (பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 60 நாள்) என்றால் அந்த நாள் சேராது, மறுநாளிலிருந்துதான் எண்ண வேண்டும். ஒரே விதியில், ஒரே சொல்லுக்கு, அடுத்தடுத்த வரிகளில் இரண்டு கணக்கு. பி.எல். தேதி மே 25 என்றால் பணம் ஜூலை 24. இங்கே ‘ஆஃப்டர்’ போட்டாலும் அதே தேதிதான், எதையாவது ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

## எண்ணிக்கைக்கு: ‘அபௌட்’, ‘அரவுண்ட்’, அல்லது ஒன்றுமே போடாமல்

தேதியைப் பற்றிக் கேட்டவர்கள் இதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் திருப்பூரில் பணம் அதிகம் ஒழுகுவது இந்த ஓட்டையில்தான்.

பத்தாயிரம் டி-ஷர்ட் ஆர்டர் என்றால் யாரும் பத்தாயிரத்தோடு கட்டிங்கை நிறுத்துவதில்லை. துணியில் ஓட்டை வரும், செக்கிங்கில் கழியும், அதனால் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவோம். கடைசியில் பேக்கிங்கில் 10,300 வந்து நிற்கும், சில தடவை 9,800 வந்து நிற்கும். எல்.சி.யில் வெறும் 10,000 பீஸ் என்று இருந்தால் கூடுதலாக அனுப்புவது தப்பு; பகுதி பகுதியாக அனுப்பக் கூடாது என்றும் அதில் இருந்தால் குறைவாக அனுப்புவதும் தப்பு. எண்ணிக்கையில் 5 சதவீதம் முன்னப் பின்ன இருக்கலாம் என்று ஒரு பொதுச் சலுகை யூ.சி.பி.யில் உண்டு, ஆனால் பீஸ் கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ எழுதிய சரக்குக்கு அது கிடையாது. கிலோக் கணக்கில் துணி அனுப்புபவருக்கு உண்டு, பனியன் அனுப்பும் நமக்கு இல்லை.

அதனால்தான் ‘அபௌட்’ வேண்டும். ‘அபௌட் 10,000 பீசஸ்’ என்றால் 10 சதவீதம் கூடலாம், குறையலாம்: 9,000லிருந்து 11,000 வரை. ‘அப்ராக்ஸிமேட்லி’ என்றாலும் அதே. ‘அரவுண்ட்’, ‘ரஃப்லி’ எல்லாம் பேச்சில் இதே அர்த்தம் தருபவைதான், ஆனால் யூ.சி.பி. விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுவது ‘அபௌட்’, ‘அப்ராக்ஸிமேட்லி’ இரண்டை மட்டுமே. அகராதியில் நான்கையும் ஒரே வரிசையில் போட்டிருப்பார்கள். அகராதியை நம்பி ‘அரவுண்ட்’ போட்டுவிட்டு 10 சதவீதத்தை எதிர்பார்க்கக் கூடாது.

‘அபௌட்’டுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. எந்த எண்ணுக்கு முன்னால் நிற்கிறதோ அந்த எண்ணுக்கு மட்டும்தான் வேலை செய்யும். பீஸுக்கு 3 டாலர், மொத்தம் 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கைக்கு முன்னால் ‘அபௌட்’ இருக்கிறது, தொகைக்கு முன்னால் இல்லை. 10,300 பீஸ் அனுப்பலாம், வங்கி ஒன்றும் சொல்லாது. ஆனால் 30,000 டாலருக்கு மேல் அந்த எல்.சி.யில் ஒரு பைசா எடுக்க முடியாது. மிச்சம் 900 டாலருக்குப் பையரிடம் தனியாகக் கெஞ்ச வேண்டும். எல்.சி. கைக்கு வந்த அன்றைக்கே இரண்டு எண்ணுக்கு முன்னாலும் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கே திருத்தம் கேளுங்கள். சரக்கு கப்பல் ஏறிய பிறகு கேட்டால், பையருக்கு அவசரமே இருக்காது.